ஓ.எம்.ஆருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரே கார்: ஒரு தேர்வின் முழு விவரம்

சென்னை மேடவாக்கத்தில் வீடு, ஓ.எம்.ஆர். சாலையில் சோழிங்கநல்லூரில் வேலை. மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், ஊருக்குப் போகும்போதெல்லாம் கூடவே வரும் அம்மா. நண்பரின் அன்றாடம் இவ்வளவுதான். இத்தனைக்கும் ஈடுகொடுக்கிற ஒரு கார் வேண்டும். அதே காரை வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கும் கொண்டுபோக வேண்டும். அபார்ட்மென்டில் ஒரு கார் நிறுத்தத்தான் இடம், அதனால் இரண்டாவது கார் என்ற பேச்சே இல்லை. வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலை 20 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் பேசி முடிவுசெய்திருந்தார்கள். இது 2024-இன் கடைசி மாதங்களில் நடந்தது.

இந்தத் தேர்வில் ஆரம்பம் முதல் கூடவே இருந்தேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பது தெரியும் என்பதால், எந்தக் காரை எதற்காகத் தள்ளினோம், எதற்காக எடுத்தோம் என்று விரிவாக எழுதுகிறேன்.

ட்ராக் டே என்பது பந்தயம் அல்ல. காசு கட்டி, உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பதினைந்து இருபது நிமிடத் தொகுதிகளாக நம் சொந்தக் காரை மூடிய தடத்தில் ஓட்டும் நாள். எதிரே வண்டி வராது, குறுக்கே மாடு வராது, ஓரத்தில் கொடி பிடித்து எச்சரிக்க ஆட்கள் நிற்பார்கள், ஆம்புலன்ஸ் தயாராக இருக்கும். வேகத்தில் ஆசை உள்ளவர்கள் ராத்திரி ஈ.சி.ஆரில் போய் அதைத் தீர்த்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அந்த ஆசைக்கு முறையான இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திவிட்டு, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் திறந்தார்கள். நீளம் 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஒரே மாநிலத்தில் இப்படி இரண்டு தடங்கள் இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

முதல் பட்டியல்

நண்பர் கொண்டுவந்த பட்டியல் குதிரைத்திறன் வரிசையில் இருந்தது. செகண்ட் ஹேண்ட் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 230 பிஎஸ் (குதிரைத்திறனின் அலகு). ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி, 1.5 டிஎஸ்ஐ எஞ்சின், 150 பிஎஸ், முறுக்குவிசை 250 என்எம். செகண்ட் ஹேண்டில் ஃபியட்டின் அபார்த் புன்டோ, 145 பிஎஸ். கடைசியில் ஹூண்டாய் ஐ20 என் லைன், டாடா ஆல்ட்ரோஸ் ரேசர், இரண்டும் 120 பிஎஸ்.

தினசரி ஓட்டத்துக்கு இந்த வரிசை பரவாயில்லை. தடத்துக்கு இது தலைகீழ் என்று எனக்குத் தோன்றியது. அதை விளக்க நான் எடுத்தது பிரேக்.

காரை மெதுவாக்குவது என்றால் அதன் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. டிரைவரோடு சேர்த்து 1,200 கிலோ உள்ள கார், நேர்ப்பாதை முடிவில் மணிக்கு 150 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 815 கிலோ ஜூல் ஆற்றல் போயாக வேண்டும், அதில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில்தான் இறங்கும். அதே கார் 180-இலிருந்து 70-க்கு வந்தால் சுமார் 1,270 கிலோ ஜூல். கூடிய வேகம் வெறும் 30 கி.மீ., வெப்பமோ ஒன்றரை மடங்குக்கும் மேல். வேகத்தின் இருமடியில் ஆற்றல் ஏறுவதால் வரும் வினை இது. சாலையில் இப்படி ஒரு பிரேக் பிடித்தால் அடுத்தது எப்போதோ வரும், அதற்குள் டிஸ்க் ஆறிவிடும். தடத்தில் ஒரே சுற்றில் பல முறை, இடைவெளியே இல்லாமல் பிடிக்க வேண்டும்.

வெப்பம் ஏற ஏற முதலில் பிரேக் பேட் பிடியை இழக்கும். கருகிய வாசனை வரும், பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. அதற்கு அடுத்த கட்டம் இன்னும் ஆபத்தானது: பிரேக் ஆயில் கொதித்துவிடும். டாட் 4 வகை புது ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய டாட் 4-க்கு அதே விதி வைக்கும் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். சென்னை மாதிரி கடலோர ஊரில் ரெண்டு மூன்று வருடம் மாற்றாமல் ஓடிய ஆயிலை நம்பித் தடத்தில் இறங்கக் கூடாது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வதற்கு இதுதான் காரணம். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ் வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது.

அதனால் நண்பரிடம் மூன்று கேள்விகளை முதலில் வைத்தோம். எடை எவ்வளவு, பிரேக் எப்படி, தேயும் பொருள்களை மாற்ற எவ்வளவு ஆகும். குதிரைத்திறன் அதற்கு அப்புறம்.

இன்சூரன்ஸ்

நாலாவதாக ஒன்று உண்டு. பலர் யோசிப்பதே இல்லை. நம் நாட்டுத் தனியார் கார் பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பகுதி இருக்கும். ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று அதில் அச்சிட்டிருக்கும். தடத்தில் சுவரில் மோதினால் கிளெய்ம் வரும் என்று எண்ணிப் போகவே முடியாது. பம்பரோ, ரேடியேட்டரோ, முழுக் காரோ, நம் கைக்காசுதான். ஆக, எந்தக் காருக்கு நேர்கிற சேதத்தைக் கடன் வாங்காமல் தாங்க முடியுமோ அதுதான் தடத்துக்கான கார். நண்பரின் மனைவி இந்தப் பகுதியை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப இருபது லட்சத்தையும் ஒரே வண்டில போடக் கூடாது" என்றார். அன்றைக்கு எங்கள் மூவரில் சரியாக யோசித்தவர் அவர்தான்.

ஒவ்வொன்றாக

ஆக்டேவியா விஆர்எஸ் முதலில் போனது. கார் அருமையானது. அதன் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயில் நனைந்த கிளட்ச் கொண்டது, வெப்பத்தைத் தாங்கும். ஆனால் நல்ல நிலையில் உள்ளது கிடைத்தால் பட்ஜெட் அதிலேயே முடிந்துவிடும். அப்புறம் செகண்ட் ஹேண்டில் இந்த வகைக் கார்களுக்கே உரிய ஒரு சிக்கல். அந்த நாள்களில் ஒரு வேகக் காரைப் பார்க்கப் போனோம் (எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை). பளபளவென்று இருந்தது, "லேடி ஓனர், ஆபீஸ் மட்டும்" என்றார் விற்பவர். சக்கரத்தின் இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தால் முன் டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது, துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள். மூன்றாவது கியரில் குறைந்த வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கினால் ஆர்.பி.எம். முள் மேலே ஓடியது, கார் அதே அளவுக்கு முன்னே போகவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டி ஓட்டிவிட்டு, விற்கும்போது பழையபடி ஏற்றிவைத்த வண்டி என்று எங்கள் மெக்கானிக் சொன்னார். வேகக் காரைப் பழையதாக வாங்குகிறவர்கள் கிலோமீட்டர் மீட்டரை நம்பாமல் டிஸ்க், கிளட்ச், டயரின் வெளி விளிம்பு மூன்றையும் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

அபார்த் புன்டோ மேல்தான் நண்பருக்கு உண்மையான காதல். 2015-இல் பத்து லட்சத்துக்குள் 145 பிஎஸ், நாலு சக்கரத்திலும் டிஸ்க், கையில் சாலையை உணர வைக்கும் ஸ்டீயரிங். அந்த விலைக்கு அப்படி ஒரு கார் அதற்குப் பிறகு இங்கே வரவில்லை. ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. உதிரி பாகத்துக்குக் காத்திருக்கும் நாள்களில் மகளைப் பள்ளிக்கு எதில் கொண்டுவிடுவது? தரை இடைவெளி 155 மில்லிமீட்டர்தான். மழைக் காலத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணை வழியாகத் தினமும் போகிறவருக்கு அது சிறிய விஷயம் இல்லை. வீட்டில் இன்னொரு கார் இருந்திருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஆல்ட்ரோஸ் ரேசர் 2024 ஜூனில் வந்தது. 9.49 லட்சத்தில் தொடங்கியது, ஆறு கியர் மேனுவல், விலைக்கு நிறைய வசதி. பின் சக்கரத்தில் டிரம் பிரேக். குடும்பக் காரில் டிரம் ஒரு குறையே அல்ல, பிரேக் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. ஆனால் டிரம் மூடிய அமைப்பு என்பதால் வெப்பம் சீக்கிரம் வெளியேறாது. தடத்தை மனதில் வைத்துப் பார்த்ததால் இதைத் தள்ளினோம்.

உண்மையான இழுபறி விர்டஸ் ஜிடிக்கும் ஐ20 என் லைனுக்கும்தான்.

விர்டஸ் ஓட்டிப் பார்த்த அன்று நண்பர் முகத்தில் முடிவு எழுதியிருந்தது. வண்டலூர் தாண்டி நெடுஞ்சாலையில் அது போகிற அமைதியும் 250 என்எம் முறுக்குவிசையின் சுகமும் இந்த விலையில் நாங்கள் ஓட்டிப் பார்த்த வேறெதிலும் இல்லை. 521 லிட்டர் டிக்கி, குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம், 179 மில்லிமீட்டர் தரை இடைவெளி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருச்சி போகிற காராக மட்டும் யோசித்தால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். 2023-இல் இந்த எஞ்சினுக்கு ஆறு கியர் மேனுவலும் வந்திருந்தது.

தடுத்தவை இரண்டு. ஒன்று, நான் மேலே சொன்ன வெப்பக் கணக்கு. எடையும் கூட, நேர்ப்பாதை முடிவில் அடையும் வேகமும் கூட, நாங்கள் பார்த்த காரில் பின்னால் டிரம். தடத்தில் பாதுகாப்பாக ஓட்ட நல்ல பேட், நல்ல ஆயில் என்று தொடங்கி அடிக்கடி செலவு வைக்கும். இரண்டு, காரைப் பதிவுசெய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பரில் மாறிய விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். அவர் கேட்ட விர்டஸின் ஷோரூம் விலை 17 லட்சத்தைத் தாண்டியது. வரி மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல், இன்சூரன்ஸையும் சேர்த்தால் வீட்டில் போட்ட 20 லட்ச எல்லை உடைந்தது.

ஐ20 என் லைனின் 1 லிட்டர் டர்போ 120 பிஎஸ், 172 என்எம் தருகிறது. 2023-இல் வந்த மாற்றத்தில் முன்பிருந்த கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியர்பாக்ஸ் போய், முறையான ஆறு கியர் மேனுவல் வந்தது. நாலு சக்கரத்திலும் டிஸ்க். சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன், கனமான ஸ்டீயரிங். 195/55 ஆர்16 டயர், எங்கும் கிடைக்கிற, விலை கட்டுப்படியாகிற அளவு. அடிப்படை என்6 மேனுவல் 9.99 லட்சம் என்று வைத்திருந்தார்கள். பத்து லட்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதால் வரி 13 சதவீதம். மேல் ரகமான என்8 எடுத்தால் விலையும் ஏறும், வரியும் 18-க்குத் தாவும். இரண்டையும் எழுதிப் பார்த்தபோது என்6-க்கும் விர்டஸுக்கும் நடுவில் எட்டு லட்சத்துக்கும் மேல் நின்றது. (2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறி, நாலு மீட்டருக்குட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதமும் பெரியவற்றுக்கு 40 சதவீதமும் ஆகிவிட்டது. இன்று வாங்குகிறவர்கள் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.)

இந்தக் கார் தயாராவது இருங்காட்டுக்கோட்டை ஆலையில், பந்தயத் தடத்துக்குப் பக்கத்திலேயே. தேர்வுக்கு இது ஒரு காரணம் இல்லை, ஆனாலும் எனக்குப் பிடித்த தகவல்.

ஆட்டோமேட்டிக்கா மேனுவலா

தினமும் ஓ.எம்.ஆர். நெரிசலில் போகிறவருக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று தோன்றுவது நியாயம். நண்பருக்கும் இடது முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு. ஆனால் இந்த விலையில் கிடைக்கும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்கள், ஹூண்டாயோ ஃபோக்ஸ்வாகனோ, எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போவதும் தடத்தில் வெப்பம் ஏறுவதும் அந்த வகைக்கு இரண்டு பக்க அடி. என் லைனின் கிளட்ச் இலேசாக இருந்தது, அவர் ஒரு சாயங்கால நெரிசலில் ஓட்டிப் பார்த்து "சமாளிச்சுக்கலாம்" என்றார். மேனுவல் உறுதியானது. முழங்கால் வலி தீவிரமாக உள்ளவராக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், கார் தினமும் வேதனை தரக் கூடாது.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது அவரை ஹெல்மெட்டோடு வரச் சொன்னேன். ஷோரூமில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டை முழுக்கக் கீழே இறக்கி, ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் தலை மேலே இடிக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டும். சன்ரூஃப் உள்ள கார்களில் உள்கூரை சில சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும், உயரமானவர்கள் தடத்தில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே ஓட்ட வேண்டி வரும். அதே இருக்கையில் கிளட்சை முழுக்க மிதித்து, முதுகைச் சாய்த்தபடி கையை நீட்டினால் ஸ்டீயரிங்கின் உச்சியில் மணிக்கட்டு படுகிறதா என்றும் பார்த்தோம். படுகிறது.

வாங்கிய பிறகு

எஞ்சினைத் தொடவில்லை. சைலன்ஸர், மென்பொருள், அகலமான சக்கரம் எதுவும் இல்லை. வாரண்டி ஒரு காரணம். இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019-இல் உறுதிசெய்திருக்கிறது. பேட், ஆயில், டயர் மூன்றும் தேய்ந்து மாற்றப்படும் பொருள்கள், அதே அளவில் தரம் உயர்ந்ததைப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் ட்ராக் டேவுக்கு முன் பிரேக் ஆயிலை முழுக்க வடித்துவிட்டுக் கொதிநிலை கூடிய புது ஆயில் ஊற்றினோம். முன் பேட் வெப்பம் தாங்கும் வகைக்கு மாறியது. அது குளிர்ந்திருக்கும்போது காலையில் அபார்ட்மென்ட் சரிவில் லேசாகக் கீச்சிடும், தூசியும் கூடுதலாக வரும். தினசரி ஓட்டத்தில் அவர் கொடுக்கும் விலை அது. முழுப் பந்தய பேட் போட்டிருந்தால் குளிர்ந்த நிலையில் பிடியே இருக்காது, பள்ளி வாசலில் அது ஆபத்து. நடுத்தர வகைதான் சரி.

அன்று காலை டிக்கியிலிருந்து ஸ்டெப்னி, ஜாக்கி, மகளின் ஸ்கேட்டிங் பை, கால் மிதியடிகள் எல்லாம் வெளியே வந்தன. டிரைவர் பக்க மிதியடியை எடுப்பது கட்டாயம், அது நகர்ந்து பெடலுக்கு அடியில் சிக்கினால் முடிந்தது. சக்கர நட்டுகளைக் குறித்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்தோம். டயரில் குளிர்ந்த நிலையில் 32 பிஎஸ்ஐ. முதல் சுற்றுத் தொகுதி முடிந்து வந்ததும் அளந்தால் 39. உள்ளே காற்று சூடாகி விரிந்திருக்கிறது. அப்படியே விட்டால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு, கார் வளைவில் வெளியே வழுக்கும். சூட்டிலேயே 35-க்கு இறக்கினோம். அடுத்த முறை வந்தபோது அவர் சொன்னதெல்லாம், "முன்பக்கம் இப்ப சொன்ன பேச்சு கேக்குது." சாயங்காலம் வீடு திரும்பும் முன் மறக்காமல் பழையபடி காற்று நிரப்ப வேண்டும், டயர் ஆறியதும் அழுத்தம் மிகவும் குறைந்திருக்கும்.

பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டியதுதான் அன்றைய செலவில் மிகவும் பயன்பட்டது. நண்பர் எல்லோரையும் போல வளைவுக்கு மிகத் தாமதமாக பிரேக் பிடித்து, வளைந்துகொண்டே பிரேக்கை அமுக்கிக்கொண்டிருந்தார். முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்களே திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், பிரேக்கும் பிடிக்க வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் கார் நேராகப் போகும். "நேரா இருக்கும்போதே பிரேக்கை முடிச்சிடுங்க, அப்புறம் திருப்புங்க" என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். 120 பிஎஸ் காரில் இந்தத் தவறுக்குத் தண்டனை ஓரப்புல்லில் ஒரு சக்கரம். கற்றுக்கொள்வதற்கு அது சரியான அளவு.

மதிய வெயிலில் சின்ன டர்போ எஞ்சின் சோர்ந்தது. உள்ளே போகும் காற்று சூடானால் திறன் குறையும், எல்லா டர்போ கார்களுக்கும் உள்ளது. இரண்டு சுற்று முழு வேகம், ஒரு சுற்று நிதானம் என்று ஓட்டினார். கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டு வந்து, கியரில் நிறுத்தினார். சூடான டிஸ்க்கில் ஹேண்ட் பிரேக் போட்டால் பேட் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது

மிச்சமான எட்டு லட்சத்தில் ஒரு பகுதி தனிக் கணக்கில் இருக்கிறது. காரைத் தடத்தில் இடித்தால் எடுக்க வேண்டிய பணம் அது, வேறு எதற்கும் தொடுவதில்லை. தடக் கட்டணம், பயிற்சி, பேட், டயர் எல்லாம் அதற்கு வெளியே. விர்டஸ் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கே இருந்திருக்காது, ஒவ்வொரு வளைவிலும் மாதத் தவணைதான் நினைவுக்கு வந்திருக்கும் என்கிறார் அவர். 2025-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 265 பிஎஸ்ஸோடு 53 லட்சத்துக்கு வந்தபோது இருவரும் போய்ப் பார்த்தோம். மிக நல்ல கார். அதைத் தடத்தில் மனமாற ஓட்ட வேண்டுமானால், இன்னும் இரண்டு மடங்கு பணமாவது ஓரமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

குறை இல்லாமல் இல்லை. நெடுஞ்சாலையில் நாலு பேரும் சாமானுமாகப் போகும்போது டிக்கி போதவில்லை. இறுக்கமான சஸ்பென்ஷன் மேடவாக்கம் பள்ளங்களில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அவர் முன் சீட்டுக்கு மாறிவிட்டார். முன் டயர்களின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட வேகமாகத் தேய்கிறது. சாலைக் காரின் முன் சக்கரங்கள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால், வளைவில் கார் சாயும்போது சுமை முழுவதும் வெளி விளிம்பில் விழுகிறது. சக்கரத்தின் மேற்பக்கத்தை உள்பக்கம் சாய்த்தால் தடத்தில் சரியாகும், ஆனால் தினசரி ஓட்டத்தில் உள் விளிம்பு தேயும். அவர் ஓடுவதில் பெரும்பகுதி ஓ.எம்.ஆர். என்பதால் அதைச் செய்ய வேண்டாம் என்றேன். பதிலாக, தடத்துக்கென்று அதே அளவில் பிடி கூடிய இன்னொரு டயர் செட்டும் பழைய ஒரிஜினல் அலாய் சக்கரங்களும் தேடிக்கொண்டிருக்கிறார். அபார்ட்மென்ட் சங்கம் மாடிப்படிக்கு அடியில் நாலு சக்கரம் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டது.